அக்கா எழுதிய பச்சைக் கார்

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எங்கள் ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிய பிறகுதான் லைசென்ஸ் வாங்கினார்கள். வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். தப்பு. ஒரே ஒரு விஷயத்தை அவள் முப்பது வருஷத்துக்கு மேலாக மனசில் வைத்திருந்தாள். கூடப் பிறந்தவள், எனக்குத் தெரியாதா?

நாங்கள் மூன்று பேர். அண்ணன், அக்கா, நான். அண்ணன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அப்பா அவனுக்காக ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்தால், கீபோர்டு இருக்கிறது, கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடக்கம். தனியாகத் திரை கிடையாது. டிவியில் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு இதன் வயரைச் செருக வேண்டும். எழுதியதைச் சேமித்து வைக்க, பாட்டுக் கேட்கிற கேசட்தான். அண்ணன் அதில் விளையாடினான். அவன் வெளியே போகிற நேரமெல்லாம் அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து தானே ஒரு விளையாட்டை எழுதினாள். வளைந்து வளைந்து போகிற ஒரு சாலை, அதில் ஒரு பச்சைக் கார். அண்ணன் அந்தக் கேசட்டைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் தன் பெயரில் வைத்தான். பரிசும் வாங்கிவிட்டான்.

அக்கா அப்பாவிடம் போய்ச் சொன்னாள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் செய்ததுதானே, யார் பெயர் இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டு அப்பா செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார். பரிசு வாங்கிய பிள்ளை என்று அண்ணனைக் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்தார்கள். அது மண்டையில் ஏறாமல் அடுத்த வருஷமே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஓடிவிட்டான். அக்காவுக்கும் அந்தப் படிப்பில் ஆசை இருக்குமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அண்ணனோ அந்தப் பரிசுக் கதையைக் கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவனே அதை நம்பிவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். நானும் போயிருந்தேன். அக்கா மகன் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறவன். ஆபீஸ் பத்திரிகைக்கு, கம்ப்யூட்டர் தன்னிடம் வந்த கதையை ஆளுக்கொரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். எழுதியதைச் சாப்பிட்டுக்கொண்டே லேப்டாப்பில் பார்த்துப் படித்தான். "எனக்குக் கம்ப்யூட்டர் என் தாய்மாமனிடமிருந்து வந்தது" என்பது முதல் வரி. அண்ணன் போட்டோவுக்கு நிற்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். ஸ்டூல் போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாள். அப்பா வீட்டைக் காலி செய்தபோது அந்தக் கம்ப்யூட்டரையும் கேசட் பிளேயரையும் பச்சைக் கார் கேசட்டையும் அவள்தான் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

"இதை டிவியில போட்டுப் பார்ப்போம். அதுக்கப்புறம் நீ அனுப்பு" என்றாள் மகனிடம்.

அங்கேதான் வந்தது வினை. அத்தான் கொத்தனார், அதுவும் சாதாரணக் கொத்தனார் இல்லை. புது டிவி வாங்கியபோது ஊரெல்லாம் செய்கிற மாதிரி அதைச் சுவரில் மாட்ட அவருக்கு மனசு வரவில்லை. சுவரைக் குடைந்து, டிவியை உள்ளே இறக்கி, வயர்களையெல்லாம் உள்ளேயே புதைத்து, சுற்றிலும் சிமெண்ட்டில் வளைவு வைத்து ஒரு சட்டம் கட்டிவிட்டார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அதைத் தடவிப் பார்ப்பார்கள். டிவியின் பின்பக்கத்துக்கு ஒரு விரல் போகக்கூட வழியில்லை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. டிவி ரிப்பேரானால் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். நல்ல டிவி, ரிப்பேராகாது என்றார் அத்தான்.

லேப்டாப்பில் போடலாமா என்றால், அதன் திரை அதற்குள் இருப்பதை மட்டும்தான் காட்டும், வெளியிலிருந்து உள்ளே விட வாசல் இல்லை என்றான் மகன். சரி, என் வீட்டு டிவிக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "இந்த வீட்ல படிச்ச வரிக்கு இந்த வீட்லதான் பதில்" என்றாள்.

அண்ணன் குறுக்கே விழுந்தான். அது எப்போதோ செத்துப்போயிருக்கும், ஒரு டப்பாவுக்காக இவ்வளவு அழகான சுவரை உடைப்பார்களா என்றான். அந்தச் சுவர்மேல் அவனுக்கு அப்படியொரு அக்கறை இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது.

அத்தான் சுவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அதுக்கு உயிர் இருக்குன்னு காட்டு. நானே உடைக்கிறேன்" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் எப்படிக் காட்டுவது? அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன விளக்குகூடக் கிடையாது. மின்சாரம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரே மாதிரி கிடக்கும். அக்கா அதைப் பிளக்கில் மாட்டிவிட்டு, சமையலறையிலிருந்து தன் சின்ன ரேடியோவை எடுத்து வந்தாள். எந்த நிலையமும் வராத இடத்தில் முள்ளை நிறுத்தி, கம்ப்யூட்டரின் மேல் வைத்தாள். ரேடியோ கொர்ரென்று இரைந்தது. அவள் ஒரு பட்டனை அழுத்தினாள். இரைச்சல் மாறியது. விட்டதும் பழையபடி ஆனது. இன்னொன்றை அழுத்தினாள், வேறு மாதிரி இரைந்தது. அந்தக் காலத்தில், வீட்டில் மற்றவர்கள் டிவி பார்க்கிற நேரத்தில், திரை இல்லாமலே இப்படிக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்வாளாம்.

"உள்ளே ஓடுது. கேக்குதா?" என்றாள்.

அத்தான் உளியும் சுத்தியலும் எடுக்கப் போய்விட்டார்.

தன் கையால் பூசியதைத் தன் கையால் உடைக்கிறவரை நான் அன்றுதான் பார்த்தேன். முதல் அடி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடெல்லாம் சிமெண்ட் புழுதி. சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு நான் பின்வாசலுக்கு ஓடினேன். டிவியை வெளியே இழுத்து மேஜையில் சாய்த்து, ஆன்டெனா வயரின் இடத்தில் கம்ப்யூட்டரின் வயரைச் செருகினார்கள். டிவி தானாகத் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிக் காட்டிவிட்டு நீலமாக நின்றது. அத்தான் சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அண்ணன் செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

"இருங்க மாமா" என்றான் அக்கா மகன். புது டிவி புது மாதிரி ஒளிபரப்பை மட்டும்தான் தானாகத் தேடும், பழைய மாதிரியை நாம்தான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று சொல்லி, ரிமோட்டில் எங்கெங்கோ உள்ளே போனான். ஒவ்வொரு படியாகத் தள்ளிக்கொண்டே வந்தான். நீலம் போய்ப் பொரி பொரியாக வந்தது. அதற்குள் சாய்ந்த கோடுகள். இன்னும் ஒரு படி தள்ளினான். கோடுகள் நிமிர்ந்து திரை வெள்ளையானது. அடியில் அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் தெளிவாக நின்றது.

நான் கைதட்டிவிட்டேன். அத்தானும் தட்டினார், கையிலிருந்த சிமெண்ட் பறந்தது.

அக்கா கேசட்டைப் போட்டாள். கீச்சென்று காதைக் கிழிக்கிற சத்தம். முதல் தடவை பாதியில் நின்றுபோனது. கேசட் பிளேயரில் சத்தத்தை ஒரு மயிரிழை கூட்டி வைத்து மறுபடி போட்டாள். இந்த முறை சாலை வந்தது. பச்சைக் கார் வந்தது.

அண்ணன் முந்திக்கொண்டான். நான் எழுதியதை நானே ஓட்டிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தான். முதல் வளைவு போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவதில் கார் சாலையை விட்டுப் பாய்ந்து சிதறியது. இன்னும் இரண்டு முறை ஓட்டினான், இரண்டு முறையும் அதே இடத்தில் சிதறியது.

"இவ்வளவுதான். இதுக்கு மேல நான் எழுதலை" என்றான் மருமகனிடம்.

"அண்ணா, கொஞ்சம் எந்திரி" என்றாள் அக்கா.

அவள் உட்கார்ந்தாள். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவது வருவதற்கு முன்னால் இடது கையால் ஓரத்தில் இருந்த ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தாள். காரின் வேகம் குறைந்தது.

"அது என்ன பட்டன்?" என்று கேட்டான் அண்ணன்.

"பிரேக்" என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தான் எழுதியதாகச் சொல்லிப் பரிசு வாங்கிய விளையாட்டில் பிரேக் இருப்பதே அண்ணனுக்குத் தெரியாது. முப்பது வருஷமாக அவன் கதை அந்த வளைவிலேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பச்சைக் கார் மெதுவாகத் திரும்பி வளைவைத் தாண்டியது. அதற்கு அப்பால் சாலை நேரானது. ஒரு பாலம் வந்தது. பாலத்தின் கீழே நீலக் கட்டங்களாகக் கடல் அசைந்தது. கடல் முடிந்ததும் இருட்டி, சின்னப் புள்ளிகளாக நட்சத்திரம் வந்தது. இதையெல்லாம் ஒரு பெண் ஒண்டியாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாள், இத்தனை வருஷம் ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. கார் ஒரு வீட்டின் முன்னால் போய் நின்றது. வீட்டுக்குள் விளக்கு எரிந்தது.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, அவனுக்கும் அந்த மட்டில் ஒரு நேர்மை இருக்கிறது, வாயைத் திறந்து சொன்னான்: "நான் எழுதலைப்பா. உங்கம்மாதான் எழுதினா."

அக்கா மகன் அம்மாவைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "அப்போ எனக்கு இது உன்கிட்டேருந்து வந்ததாம்மா?"

"வேற யார்கிட்டேருந்துடா வரும்?" என்றாள் அக்கா.

அவன் லேப்டாப்பைத் திறந்து முதல் வரியை அழித்தான். புதிதாக அடித்தான். அக்கா படிக்கச் சொன்னாள். "எனக்குக் கம்ப்யூட்டர் என் அம்மாவிடமிருந்து வந்தது" என்று படித்தான்.

"உங்கப்பா அந்தப் பக்கம் சிமெண்ட் கூட்டிக்கிட்டிருக்கார், அவருக்குக் கேட்டிருக்காது. இன்னும் கொஞ்சம் சத்தமா படி" என்றாள்.

அவன் எழுந்து நின்று படித்தான்.