கூடாரத்துக்குள் வைத்த சாம்பிராணி

பகாவ் பக்கத்து எஸ்டேட் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்தோம். மழைவிட்ட குளிரில் எங்கள் நான்கு மாத மகள் நடுங்கினாள். வீட்டில் அவளைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவோமே, அந்த நினைவில் கோழி சுட்ட கரித்தணலை ஒரு சட்டியில் அள்ளி, சாம்பிராணி தூவி, கூடாரத்துக்குள் வைத்தேன்.

“கொஞ்சம் திறந்து வைங்கலா, மூச்சு முட்டுது,” என்றாள் மனைவி.

“புள்ளைக்குக் குளிரும்லா, நீ படு,” என்று ஜிப்பை இழுத்து மூடினேன்.

விடியற்காலையில் தலை வெடிக்கும் வலியோடு விழித்தேன். மனைவியை உலுக்கி எழுப்பிவிட்டு மகளைத் தூக்கினேன். உடம்பில் சூடு இருந்தது; மூச்சு இல்லை.

கரியிலிருந்து வந்த நச்சுக்காற்று என்றார் டாக்டர். மனைவி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டில் நான் எந்த ஜன்னலைச் சாத்தினாலும், எழுந்து வந்து திறந்துவிடுகிறாள்.