நாடே சிரிக்கிறதாம், நடுவில் என் அக்கா!

என் அக்கா கனடாத் தேர்தல் விளம்பரத்தில் வந்துவிட்டார்!

(வேட்பாளராக இல்லை. சிரிக்கிறவராக.)

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மெல்பனில், நோபல் பார்க் வீட்டில் நான் இடியப்பத்துக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தபோது வழக்கமான வீடியோ கோல் வந்தது. அக்கா இருக்கும் ஸ்காபரோவில் அப்போது சனி மாலை. திரையில் அக்கா, அத்தான், அவர்களுடைய மகள் அபி. மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, ஆரும் சண்டையோ?"

"மாமா, செக் த குரூப்! அம்மா இஸ் ஃபேமஸ்!" என்றாள் அபி.

குடும்ப குரூப்பைத் திறந்தேன். அரை நிமிட வீடியோ. கறுப்பு வெள்ளை. பேய்ப்படத்து இசை. பொங்கல் விழாவில் ஒரு கட்சித் தலைவர் வேட்டியும் பொன்னாடையுமாக நிற்கிறார். பொங்கலை வாயில் வைத்ததும் முகம் கோணுகிறது. உடனே சனங்களின் சிரிக்கும் முகங்கள், ஸ்லோ மோஷனில். எல்லாருக்கும் நடுவில், பெரிதாக, கையில் அகப்பையோடு என் அக்கா!

பிறகு ஒரு கனத்த குரல்: நாடே இவரைப் பார்த்துச் சிரிக்கிறது.

(கறுப்பு வெள்ளையில் அகப்பையோடு அக்காவைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.)

இதில் சிக்கல் என்னவென்றால், பொங்கல் சாப்பிட்டவர் அத்தானின் கட்சித் தலைவர். வீட்டுக்கு முன்னால் அந்தக் கட்சியின் போர்டு நட்டிருக்கிறார் அத்தான். விளம்பரம் போட்டது மற்றக் கட்சி. அபி மற்றக் கட்சி.

"இஞ்சை பாரும், அவ்வளவு சனத்துக்கு முன்னால நீர் ஏன் அப்பிடிச் சிரிச்சனீர்?" என்று அத்தான் அக்காவைக் கேட்டார்.

அக்காவுக்கு முதல் அபி வாயைத் திறந்தாள்.

"சிரிப்பு வந்தா சிரிக்கிறதுதானே அப்பா! ஹி இஸ் ஸோ ஃபேக்! வோட்டுக்காக வேட்டி கட்டினவர்!"

"உன்ர ஆள் மட்டும் திறமோ? மற்றவனைப் பழிக்கிறதைத் தவிர வாயில ஒண்டும் வராது. வீட்டு வாடகை ஏறுறதுக்கு என்ன செய்யப்போறாராம்?"

"அவரிட்ட பிளான் இருக்கு!"

"பிளானோ? விளம்பரம்தான் இருக்கு!"

"உங்கட ஆக்களும்தானே எங்கட லீடரைக் குழந்தைப்பிள்ளை மாதிரிக் காட்டி அட் போட்டவை?"

"அது வேற. அது உண்மை!"

(நம் கட்சி போட்டால் உண்மை. மற்றக் கட்சி போட்டால் அநியாயம். இங்கே மெல்பனிலும் அதே கதைதான்.)

நான் சம்பலை இடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நமக்கு வோட்டு இல்லாத நாட்டுத் தேர்தலைப் பார்ப்பது போல சுகம் வேறு இல்லை!

அப்போதுதான் அக்கா சொன்னார்.

"நான் இந்த முறை வோட்டுப் போடப் போகேல்ல."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தமிழ்க் கடைக்குப் போனால் ஒராள் வந்து கை குடுக்குது. மற்ற ஆள், வந்த விருந்தாளியைப் பார்த்து இப்பிடியோ சிரிக்கிறது எண்டு கேக்குது. வோட்டுப் போடுற இடத்திலயும் இதே சனம்தானே வரிசையில நிக்கும்? எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"ஐயோ, எங்கட வோட்டு ஒண்டு குறையுமே!" என்றார் அத்தான்.

"ஹலோ, அது எங்கட சைட் வோட்டு!" என்றாள் அபி.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"இஞ்ச எண்டால் வோட்டுப் போடப் போகாட்டி ஃபைன் அடிப்பாங்கள் அக்கா," என்றேன். (ஆறுதல் சொல்லும் அழகைப் பாருங்கள்!) "அது கிடக்கட்டும். உண்மையில அண்டைக்கு என்ன நடந்தது?"

"பொங்கல் சுடச்சுடக் கிடந்தது. ஆறட்டும் எண்டு சொன்னனான். கமராக்காரர் அவசரப்படுத்த மனுசன் வாயில போட்டிட்டார். நாக்குச் சுட்டிட்டுது. தண்ணி குடுத்திட்டு, நான் சொன்னனான்தானே எண்டு சிரிச்சனான். அவரும் சிரிச்சவர். அதை வெட்டிப்போட்டு என்ர சிரிப்பை மட்டும் வச்சிருக்கிறாங்கள்."

"பாத்தியோ, எவ்வளவு நல்ல மனுசன்!" அத்தான் துள்ளினார்.

"தண்ணி குடிச்சதுக்கெல்லாம் வோட்டுப் போடேலாது அப்பா!"

மறுபடி தொடங்கிவிட்டது. வாடகை, வேலை, வேட்டி எல்லாம் வந்தது.

அக்கா குரலை உயர்த்தவில்லை. அரிசி விலை சொல்வது போல்தான் சொன்னார்.

"விளம்பரக்காரன் என்னைக் கேக்காமல் என்ர முகத்தை எடுத்தவன். நீங்கள் ரெண்டு பேரும் என்னைக் கேக்காமல் என்ர வோட்டை எடுக்கிறியள். இவ்வளவு வருசத்தில, உனக்கு ஆரைப் பிடிக்கும் எண்டு இந்த வீட்டில ஆராவது கேட்டிருக்கிறியளோ?"

என் கையில் உலக்கை அப்படியே நின்றுவிட்டது. அத்தான் போர்டு நட்ட பக்கமாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அபிதான் மெதுவாக, "ஸொரி அம்மா," என்றாள்.

"சரி, சாப்பிட வாங்கோ," என்று அக்கா கோலைக் கட் பண்ணிவிட்டார். வோட்டுப் போடப் போவதா இல்லையா என்று சொல்லவே இல்லை! இந்தக் கிழமை முழுக்க எனக்கு அதே யோசனைதான்.

இன்று காலை வேலைக்குப் போக ரயிலுக்கு நின்றபோது அக்கா தனியாகக் கோல் எடுத்தார்.

"தம்பி, வோட்டுப் போட்டிட்டு வந்திட்டன்!"

"சனம் என்ன சொன்னது?"

"ரெண்டு பேர் என்னைக் காட்டிக் குசுகுசுத்தவை. நான் வணக்கம் சொல்லிப்போட்டு வரிசையில நிண்டனான்."

எனக்கு அவ்வளவு சந்தோசம். பிளாட்பாரத்திலேயே சத்தமாக "சபாஷ் அக்கா" என்றுவிட்டேன். (பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் ஓரடி தள்ளி நின்றார்.)

"ஆருக்குப் போட்டனீங்கள்?"

"அது என்ர வோட்டு."

"அத்தானும் கேக்கேல்லையோ?"

"கார் ஏறினதில இருந்து கேட்டுக்கொண்டுதான் வந்தவர். இப்ப தேத்தண்ணி ஊத்திக் கொண்டந்து வச்சிட்டுக் கேக்கிறார்."

"ஐயோ, சொல்லிப் போடாதேங்கோ அக்கா!"

"சொல்லுவனோ? மனுசன் இண்டைக்குத்தான் முதல் தரமாக் கேக்குது. கொஞ்ச நாளைக்குக் கேக்கட்டும்!"