மீசை இருக்கட்டும்

பாளையங்கோட்டையில் ஒரு முதியோர் இல்லத்தில் அம்மா நர்ஸாக இருந்தாள். பள்ளிக்கூட லீவில் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். அங்கே பாட்டிகள் இருபது பேர், தாத்தாக்கள் மூன்றே பேர். பாட்டிகளுக்கு ஜெபம், பாட்டு, சண்டை, சமாதானம் என்று பொழுது போய்விடும். தாத்தாக்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில் கேட்டைப் பார்த்தபடி இருப்பார்கள்.

அவர்களில் ஒருவர் உவரிக்காரர், கடலுக்குப் போனவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. குளிப்பாட்ட ஆயாக்கள் வந்தால் வேட்டியை இறுகப் பிடித்துக்கொள்வார். சவரத்துக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிடிவாதக்கார மனுசன் என்று ஆயாக்கள் சலித்துக்கொண்டார்கள். ஆண் ஆள் ஒருவரை வேலைக்குப் போடச் சொல்லி அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். கடைசியில் அப்பாவைப் பிடித்தாள்.

அப்பா பஸ் கண்டக்டர். “யாரோ ஒருத்தனுக்குச் சவரம் பண்ணுததா என் வேலை?” என்று எகிறினார்.

“அவருக்குக் கூச்சமா இருக்குங்க. எத்தன வயசானா என்ன, ஆம்பளதான?” என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து மூவரும் போனோம். அப்பா உடனே ரேசரை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது சீலா மீன் வருகிற காலமா என்று கேட்டார். காற்று திரும்பினால்தான் வரும் என்று தாத்தா குழறலாகச் சொன்னார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“மீசையையும் எடுத்துரவா?”

“மீசை இருக்கட்டும்லே.”

அப்பாவை உரிமையோடு ‘லே’ போட்டுக் கூப்பிடுகிற பெரியவர்கள் அப்போது யாரும் உயிரோடு இல்லை. மீசையைத் தொடாமல் மெதுவாகச் சவரம் பண்ணி முடித்தார்.

பிறகு கதவைச் சாத்திக் குளிப்பாட்டியும் விட்டார். வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்த தாத்தா, இடது கையால் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார். விடவேயில்லை. அப்பாவும் இருந்துவிட்டார்.

எனக்கோ பசி. வீட்டில் கோழிக்குழம்பு காத்திருந்தது. அப்பாவின் மறு கையைப் பிடித்து, “வாங்கப்பா, போவோம்” என்று இழுத்தேன். தாத்தா என்னைப் பார்த்தார். பைய விரல்களை எடுத்துக்கொண்டார்.

“புள்ளைக்குப் பசிக்கி. போயிட்டு வா.”

அடுத்த ஞாயிறு அப்பாவுக்கு டூட்டி. அதற்கடுத்த ஞாயிறு போனபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

அன்றைக்கு இழுத்து ஜெயித்தது நான்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்தான் அப்பாவை எனக்கு விட்டுக்கொடுத்தார் என்பதும், அப்பா எழுந்துவர மனமில்லாமல்தான் வந்தார் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.