வழவழக் கம்பி, சொரசொரக் கம்பி

பத்து வயதில் எனக்குக் கணக்கும் வராது, கோலமும் வராது. ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் பண்டிதை. பேஸ் கிட்டாருக்கு எந்தக் கம்பி போட வேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் சுக்கு, மிளகு, ஏலக்காய் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருந்தார்கள். கிட்டார்க் கம்பியைப் பற்றிப் பேச நானும் அத்தையும் மட்டும்தான். அந்தப் பாண்டித்தியத்தை வெளியாள் ஒருவரிடம் நான் ஒரே ஒரு தடவைதான் காட்டினேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்துப் படிக்க வைத்தார். அதனாலோ என்னவோ, அப்பா சொன்னதற்கு அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. வார நாட்களில் வீட்டிலேயே தையல் வகுப்பு எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில், பெண்கள் மட்டுமே இருந்த ஒரு கானமேளா மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பாள். குழுவை நடத்திய சேச்சி எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. குழுவில் எல்லோருக்கும் பாடத்தான் ஆசை. யாரும் தொடாமல் மூலையில் சாய்ந்து கிடந்த அந்த நாலு கம்பிப் பெரிய கிட்டாரை அத்தை எடுத்துக்கொண்டாள். கல்யாண வீடுகளில் அவள் வாசிப்பதை யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். அத்தைக்கு அதுதான் பிடித்திருந்தது.

சேச்சியின் தம்பி கப்பலில் வேலை பார்த்தார். ஒரு முறை விடுமுறையில் வந்தபோது இரண்டு விதக் கம்பிகள் கொண்டுவந்தார். இரண்டிலும் நடுவில் எஃகுக் கம்பி இருக்கும், அதைச் சுற்றி இன்னொன்று சுற்றியிருக்கும். சுற்றியது உருண்டைக் கம்பியானால் அது ரௌண்டு. நகத்தால் இழுத்தால் சர்ரென்று சத்தம் வரும், விரலை அராவும், ஆனால் ஓசை கணீரென்று இருக்கும். சுற்றியது பட்டை நாடாவானால் அது ஃப்ளாட்டு. தொட்டால் வழவழவென்று இருக்கும், ஓசை தும்மென்று அடங்கி வரும். டிஸ்கோப் பாட்டுகள் வந்து எல்லோரும் ஆட ஆரம்பித்திருந்த காலம் அது. சேச்சிக்கு ரௌண்டுதான் வேண்டும். அத்தை மாட்டியதோ ஃப்ளாட்டு.

"இது ஆருக்குக் கேக்கும் மோளே? அடுத்த வீட்டுல மாவு இடிக்கிற மாதிரி உண்டு" என்பாள்.

"காதுல கேக்க வேண்டா சேச்சி. நெஞ்சுல தட்டினா மதி" என்பாள் அத்தை. மதி என்றால் போதும் என்று பொருள். எங்கள் வீட்டுத் தமிழில் மலையாளம் அப்படித்தான் கேட்காமல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் தீவிர ஃப்ளாட்டுக் கட்சி. மாதக்கணக்கில் அந்த ரௌண்டு உறை பிரிக்கப்படாமல் தையல் மிஷின் இழுப்பறையில் கிடந்தது.

அப்போதுதான் பொள்ளாச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. தேங்காய் மண்டி, ஒரே பையன், நல்ல குடும்பம். மூன்று வாரத்தில் பெண் பார்க்க வருவதாகக் கடிதம். கிட்டார் விஷயத்தை அவர்களிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது, தையல் வகுப்பை மட்டும் சொன்னால் போதும் என்று அப்பா உத்தரவு போட்டார். அத்தை "சரிண்ணா" என்றாள். மறுநாள் காலை ரௌண்டு உறையைப் பிரித்துக் கம்பியை மாற்றினாள்.

சேச்சிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ தலைவியே கட்சி மாறிவிட்ட வருத்தம்.

"என்னத்துக்கு அத்தை மாத்துறே? உனக்கு ஃப்ளாட்டுதானே இஷ்டம்?"

"அவங்க வந்து போற வரைக்கும் இது கிடக்கட்டும். அப்புறம் பழசையே மாட்டிக்கலாம்."

அதன்பின் காலையும் மாலையும் வாசிப்புத்தான். இடது கை விரல்களைக் கம்பியில் அழுத்தி மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே இருப்பாள். நுனிகள் சிவந்தன, தோல் உரிந்தது, பிறகு கறுத்துக் காய்த்துப்போயின. எனக்குப் பார்க்கப் பொறுக்காது. தினமும் சாயங்காலம் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு போய்த் தடவிவிடுவேன். சிரித்துக்கொண்டே கையை நீட்டுவாள். காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடியும் ஆரம்பித்துவிடுவாள்.

எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளையின் அம்மா தான் கொண்டுவந்த கண்ணாடி வளையல்களைத் தன் கையாலேயே பெண்ணுக்குப் போட்டுவிட வேண்டும். விரல்களைக் குவித்து அமுக்கும்போதே கையின் லட்சணம் தெரிந்துவிடும். போட்டுவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. கை கரடுமுரடாக இருக்கிறதென்று வளையல்களைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போன கதைகளும் உண்டு. அத்தை நம்பியது அந்தக் கதைகளைத்தான். பொள்ளாச்சிக்குப் போனால் கிட்டார் கிடையாது. அண்ணனிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, விரல் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது என் மூளை எண்ணெய்க் கிண்ணத்தைத் தாண்டவில்லை.

வந்தார்கள். அம்மா சாயாவும் பழம்பொரியும் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் இடது கையைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்று, விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா "தையல் வேலை..." என்று ஏதோ மென்று விழுங்கினார்.

"இதுக்கு ஏனுங்க கூச்சப்படறீங்க? வேலை செஞ்ச கைங்க இது. தேங்கா உரிச்சு உரிச்சு என் கையும் இப்படித்தானுங்க இருந்துச்சு" என்று சொன்ன அந்த அம்மாள், தன் கையை விரித்துக் காட்டிவிட்டு, ஒரு கீறல் இல்லாமல் வளையல்கள் அத்தனையையும் ஏற்றிவிட்டார்.

மூன்று வாரம் தேய்த்ததற்குப் பலன் இப்படி ஆகிவிட்டது. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அத்தையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

பெரியவர்கள் நாள் பார்க்க உட்கார்ந்தபோது மாப்பிள்ளை கை கழுவப் பின்பக்கம் வந்தார். அதிகம் பேசாத, மெலிந்த மனிதர். நான்தான் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன்.

"பாப்பா, தையலுக்கு இடது கை விரலெல்லாம் அப்படி ஆகாதே. எப்படி ஆச்சு?"

கிட்டாரைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் கம்பியைப் பற்றிச் சொல்லக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே! ரௌண்டு என்ன செய்யும், ஃப்ளாட்டு என்ன செய்யும் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப உங்க அத்தைக்கு எது பிடிக்கும்?"

"ஃப்ளாட்டுதான். இது நீங்க வந்து போற வரைக்கும் மட்டும். அப்புறம் பழசையே மாட்டிடும்."

அவர் கையைத் தண்ணீருக்கு அடியில் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். சொம்பு காலியாகிவிட்டது. "சரி சாமி, போதும்" என்று என் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. பையனுக்கு இப்போது கல்யாணத்தில் விருப்பமில்லையாம். பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை, குற்றம் முழுக்கத் தங்கள் பையனுடையது, மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வளையல் போட்ட பிறகு பின்வாங்குகிறவன் மனிதனா என்று அப்பா குதித்தார். அக்கம்பக்கத்தில் தமிழ் பேசிய வீடெல்லாம் மாப்பிள்ளையைத் திட்டியது. அவருடைய ஊரில் என்ன பேச்சுக் கேட்டாரோ, யார் கண்டது? அத்தையை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. பாவம் பெண் என்று அப்பா அவளிடம் குரலைக்கூட உயர்த்துவதில்லை. கொஞ்ச காலம் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

நானும் என் பங்குக்குத் திட்டினேன். அத்தை கம்பியைக் கழற்ற உட்கார்ந்தபோது பக்கத்தில் போய், "பின்பக்கம் வந்து நல்லவன் மாதிரி கம்பியைப் பத்தியெல்லாம் கேட்டானே, துரோகி" என்றேன்.

அத்தையின் கை நின்றது. அவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று வார்த்தை வார்த்தையாக விசாரித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். முடிவில் இன்னொரு தடவை "துரோகி" என்றேன். பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

அத்தை என்னை அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அடித்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவள் பக்கம் நின்று பேசிய எனக்கு அடி விழுந்தது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவேயில்லை. எல்லாம் அந்தப் பொள்ளாச்சிக்காரனால் வந்தது என்று முடிவு செய்து, அன்று முழுவதும் அவரை மனதுக்குள் இன்னும் பலமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.