துடைத்த முகம்

கடைத்தெருவில் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. டச்சப் அண்ணன் என்றால்தான் கை நீட்டி வழி காட்டுவார்கள். அவருடைய ஸ்டுடியோவுக்குள் எந்த முகத்தோடு போனாலும், வெளியே வரும் படத்தில் பருவும் இருக்காது, பருத் தழும்பும் இருக்காது. யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்ததுமே அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். மச்சத்தை மட்டும் தொடமாட்டார். “மச்சம் கூடவே பொறந்தது. தழும்பு நடுவுல வந்த வில்லங்கம்” என்பது அவர் கட்சி.

அந்த வில்லங்கம் அவர் முகத்திலேயே ஏராளம். வாலிபத்தில் வந்த பரு இரண்டு கன்னத்தையும் குழிகுழியாக்கிவிட்டுத்தான் போனது. பற்பசை தடவினார், எலுமிச்சை தேய்த்தார், மருந்துக்கடையில் கிடைத்த களிம்பையெல்லாம் அப்பினார். எந்தக் குழியும் மசியவில்லை. கல்யாணத்துக்கு முன் பெண்வீட்டுக்குக் கொடுத்த படத்தில் குழிகளைத் தானே துடைத்து அனுப்பினார். “போட்டோவப் பாத்து ஏமாந்தவ நான்” என்று மனைவி இன்றைக்கும் விருந்தாளிகள் முன்னால் மானத்தை வாங்குவாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சவரம் செய்யும்போது கண்ணாடியில் தாடையைத் தாண்டிப் பார்வை மேலே ஏறாது.

ஒரே மகள். அவளுக்குப் பரு வரத் தொடங்கியதும், தன் தோல்தான் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று உள்ளுக்குள் மறுகினார். ஆறுதலாக நாலு வார்த்தை பேச வரவில்லை. கைக்குத் தெரிந்ததைச் செய்தார். பிறந்தநாள் படம், பள்ளிக்கூடப் படம், கடற்கரைப் படம், எது வந்தாலும் துடைத்தார். மனைவி போனில் எடுத்த படங்களையும் விடவில்லை. துடைத்ததைப் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிடுவது அவர் தொழில் பழக்கம், ஒரே முகம் இரண்டு தடவை எதற்கு இடத்தை அடைக்க வேண்டும்? பரு வந்த பிறகு அவளாகத் தன்னைப் படம் எடுத்துக்கொள்வதே இல்லை, மற்றவர்கள் எடுத்ததைப் பார்ப்பதும் இல்லை. பின்னாளில் ஆல்பத்தைப் புரட்டும்போது பிள்ளை மனசு நோகக் கூடாது, அவ்வளவுதான் அவர் எண்ணம். பாசம்தான், யார் இல்லை என்றது? பாசக்கார மனுஷனுக்குக் கொஞ்சம் யோசனையும் வேண்டாமா?

கல்லூரி அடையாள அட்டைக்குப் படம் கேட்டார்கள். அவரே எடுத்து, அவரே துடைத்து, அச்செடுத்து நீட்டினார். மகள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

“இது யாருப்பா?”

“நீதாம்மா. லேசா ஒரு டச்சப். எல்லாருக்கும் பண்றதுதானே.”

அவள் படத்தைப் பைக்குள் வைத்தாள். பிடித்துவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வீட்டில் எலுமிச்சை தங்கவில்லை. சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசிக்கொண்டு மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். போதாததற்குத் தோழி கொடுத்த, பேர் ஊர் தெரியாத ஒரு கிரீம் வேறு. கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறாளே என்று அம்மா ஒருநாள் தள்ளித் திறந்தபோது கன்னம் இரண்டும் வெந்து உரிந்திருந்தன. ஆறின இடமெல்லாம் முன்பைவிடக் கறுப்பு.

“என்னடி பண்ணி வச்சிருக்கே!”

“அப்பா போட்டோல இருக்கிற மாதிரி ஆகணும். இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்தக் கார்டை எப்படிம்மா காட்டுவேன்? நான் காலேஜுக்குப் போகல.”

கூடத்தில் நின்ற அவருக்கு அது காதில் விழுந்தது. யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

தோல் டாக்டர் நிதானமான பெண்மணி. எலுமிச்சையையும் சோடாவையும் கிரீமையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார். மென்மையான சோப்பு, ஈரப்பசைக்கு ஒரு கிரீம், வெளியே போனால் வெயில் தடுப்புக் கிரீம், இப்போதைக்கு இது போதும். “கறுப்பு மெதுவா மங்கும். அவசரப்பட்டா இன்னும் கறுக்கும். குழிக்குத் தடவுற மருந்து உதவாது, அதைப் பின்னால பாத்துக்கலாம். எது பழைய தழும்பு, எது இப்போ வெந்ததுன்னு நான் பாக்கணும். முன்னாடி எடுத்த போட்டோ இருந்தாக் காட்டுங்க.”

“போட்டோவுக்கா பஞ்சம்!” என்றாள் மனைவி. “இவருக்கு அதானே வேலை.”

அவர் போனை எடுத்துப் படங்களைத் தள்ளினார். பிறந்தநாள் வந்தது, வழவழவென்று. கடற்கரை, வழவழ. பள்ளிக்கூட ஆண்டுவிழா, அதுவும். விரல் வேகமாகத் தள்ளியது. மகள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரிப் படம் ஒன்றில்தான் அப்பா கை வைத்தார் என்று அதுவரை அவள் நம்பியிருந்தாள்.

“எப்பலேருந்துப்பா?”

அவர் இன்னொரு படத்தைத் தள்ளினார், அதுவும் வழவழ.

“ஒண்ணுகூட இல்லையா?”

இல்லை என்று தலையை ஆட்டினார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. மேஜை இழுப்பறையிலிருந்து சின்னக் கேமரா ஒன்றை எடுத்தார். “பரவாயில்ல, இன்னிக்கு எப்படி இருக்கோ அதுலேருந்து ஆரம்பிப்போம். நீங்க போட்டோகிராபர்தானே சார், நீங்களே எடுங்களேன்.”

அவர் எழுந்து கையை நீட்டினார்.

“அப்பா வேணாம்” என்றாள் மகள், முகத்தை டாக்டர் பக்கம் திருப்பி. “நீங்களே எடுங்க, டாக்டர்.”