அக்கா இடித்த கதவு

என் அக்காவின் கணவருக்குப் பேச வருமா என்று பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைத்தான் கேட்பார்கள். வரும், ஆனால் வராது என்பேன். ஒரே கூரைக்குக் கீழே அவர் காரில் விழுந்த ஒடுக்கை எடுக்கிறார், நான் பெயிண்ட் அடிக்கிறேன். இருபத்தாறு வருஷமாக இதுதான் ஏற்பாடு. நான் மாமா என்பேன், அவர் மாப்ள என்பார். அதற்கு மேல் ஒரு நாளில் பத்து வார்த்தை பேசிவிட்டால் அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

வேலையில் குறை சொல்ல முடியாது. சின்ன ஒடுக்கு என்றால் பெயிண்டைத் தொடவே மாட்டார். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, அந்தச் சந்தில் நீளக் கம்பியை விட்டு, தகட்டைப் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். எதிரே கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பலகை விளக்கு ஒன்று நிற்கும். அந்தக் கோடுகள் கதவில் தெரியும். ஒடுக்கு உள்ள இடத்தில் கோடு வளையும், தகடு சரியானால் நிமிரும். அவர் கதவைப் பார்க்க மாட்டார், கோட்டைத்தான் பார்ப்பார். கடைசியில் இடது கையில் மட்டும் பருத்தி உறையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தடவுவார். கண்ணுக்குத் தப்பியது அந்தக் கைக்குத் தப்பாது. இப்படி அவர் எடுத்துவிட்டால் அந்தக் காரில் எனக்கு வேலையே இல்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு, மறைப்பானேன்.

பார்க்கிங்கில் இடித்துக்கொண்டு வருகிற கார்கள்தான் அவருக்குப் பாதி வேலை. அவை வருகிற நேரமே தனி. வேலை நாளாக இருக்கும், காலை பத்து மணிக்கு மேல் இருக்கும், வீட்டிலிருக்கும் இன்னொருவர் ஆபீஸ் போயிருப்பார். பெண்கள்தான் அதிகம். "நிறுத்திட்டுப் போயிருந்தேங்க, யாரோ இடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்பார்கள். கதவில் பார்க்கிங் தூணின் மஞ்சள் பெயிண்ட் பளிச்சென்று ஒட்டியிருக்கும். தூண் நடந்து வந்து இடித்ததா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும். மாமா தின்னரில் துணியை நனைத்து, முதல் வேலையாக அந்த மஞ்சளைத் துடைத்துவிட்டு, "நாலு மணிக்கு வாங்க" என்பார். யார் ஓட்டினது, எப்படி ஆச்சு என்று ஒருவரையும் கேட்டதில்லை. அவர்கள் வாசல் வரை போய்த் தயங்கி நின்று, "வீட்டுல அவருக்குத் தெரியக்கூடாது" என்பார்கள். அதற்கும் ஒரு தலையாட்டல்தான். ஊரில் அவருக்கு இருக்கிற நல்ல பேரில் பாதி அந்தத் தலையாட்டலால் வந்தது.

அவருடைய சொந்தக் காரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லாரிக்கடியில் போய் நசுங்கியது, கழித்துக் கட்டியது, அதைத் தூக்கி வந்து எட்டு மாதம் ஞாயிறுதோறும் உட்கார்ந்து நிமிர்த்தினார். ஒரு பொட்டு பட்டி வைக்கவில்லை. பட்டி என்பது பள்ளத்தை அடைத்துப் பூசி மெழுகுகிற பசை. என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. மாமா அதைத் தன் காருக்கு நூறடி தூரத்தில் கூட அண்ட விட மாட்டார். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினால் போதும், தகடா பட்டியா என்று சொல்லிவிடுவார்.

இந்தக் காரைத்தான் அக்கா ஓட்ட ஆரம்பித்தாள். அக்கா இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். முழங்கால் வலி தாங்காமல் விட்டுவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். இப்போது ஒரு வேலை கூடி வந்தது. படுக்கையில் கிடக்கிற வயசாளிகளுக்கு வீடு தேடிப் போய்ப் புண் கட்ட வேண்டும், ஊசி போட வேண்டும். ஊரின் நாலு மூலையிலும் பதினோரு வீடு. கார் ஓட்டத் தெரிந்தால்தான் வேலை. அதற்காக நாற்பத்தெட்டு வயதில் பயிற்சிப் பள்ளிக்குப் போய், கூடப் படித்த சின்னப் பெண்களெல்லாம் சிரிக்கச் சிரிக்கக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினாள்.

"ரெண்டு வருஷமா சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்டா. இதுவும் இல்லன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்" என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை சேர வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் ஃபோன் செய்து, வருகிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும். தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மாமாவிடம் காரைக் கேட்டபோது நானும் இருந்தேன். "எடுத்துட்டுப் போ. ஒரு கோடு விழுந்தா சாவி என் கைக்கு வந்துடணும்" என்றார். ஒன்பது வார்த்தை. அன்றைய கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று நான் கிண்டல் செய்தேன். அக்கா சிரிக்கவில்லை.

அந்த வாரம் அடுத்த ஊரில் ஆலங்கட்டி மழை. கார் விற்கிற ஒரு இடத்தில் வெட்டவெளியில் நிறுத்தியிருந்த அத்தனை புதுக் கார்களின் கூரையிலும் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். மாமாவைக் கூப்பிட்டார்கள். கூரைக்கு வேண்டிய கம்பிகளை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு புதன்கிழமை போனார். சனிக்கிழமை மதியம்தான் வருவார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா காரோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். வழி பழக வேண்டும் என்று அந்தப் பதினோரு வீட்டுக்கும் ஒரு சுற்று போய்ப் பார்த்திருக்கிறாள். பத்து வீடு வரை ஒரு குறையும் இல்லை. பதினோராவது, அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் அடித்தளத்துப் பார்க்கிங்கில் காரைப் பின்னால் எடுக்கும்போது தூண். பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு, அதன் நடுவில் மஞ்சள்.

"நிறுத்திட்டுப் போயிருந்தியா? யாரோ இடிச்சிட்டுப் போயிட்டாங்களா?" என்றேன்.

"வெளையாடாதடா. நான்தான் இடிச்சேன்." மூக்கு சிவந்திருந்தது. "அவருக்குத் தெரியக்கூடாது."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் இரண்டு மணி நேர வேலை, கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மாமா கண்டுபிடித்துவிடுவார். அவர் செய்கிற மாதிரியே, பின்னாலிருந்து தள்ளித்தான் எடுக்க வேண்டும். சுவரில் அவருடைய கதவுக் கம்பிகள் வரிசையாகத் தொங்கின. இருபத்தாறு வருஷத்தில் நான் அவற்றைத் தொட்டதில்லை. எந்தக் கம்பி எந்த ஆணியில் என்று முதலில் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். திருட்டுப் புத்தி எங்கிருந்துதான் வருகிறதோ!

அன்று மத்தியானமும் வெள்ளிக்கிழமை முழுக்கவும் அந்தக் கதவோடு மல்லுக்கட்டினேன். ஒடுக்கு எழுந்து வந்தது. ஆனால் நான் பெயிண்டர். என் கண் பளபளப்பைப் பார்த்தே பழகிய கண். பளபளப்பு எங்கே மங்கலாகத் தெரிந்ததோ அங்கே இன்னொரு தள்ளு, பக்கத்தில் இன்னொரு தள்ளு என்று தள்ளிக்கொண்டே போனேன். விளக்கை வைத்துப் பார்த்தேன். கோடு நேராகத்தான் இருந்தது. எனக்கு நேராகத்தான் தெரிந்தது.

"எங்க இடிச்சேன்னு எனக்கே தெரியலடா. நீ நல்லா இருப்ப" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பிகளைத் தாளைப் பார்த்து அதனதன் ஆணியில் மாட்டினேன்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு மாமா வந்தார். நான் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு அக்கா வீட்டிலேயே இருந்தேன். ஒரு தோளில் பை. வாசலில் நின்ற காரை இன்னொரு கையால் தடவிக்கொண்டே நடந்தார். அது அவர் வழக்கம், நாய் வளர்க்கிறவர்கள் நாயைத் தடவுவதில்லையா, அப்படி. பின்கதவில் கை நின்றது. மறுபடி ஒருமுறை தடவினார். அக்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

உள்ளே வந்தார். கை கழுவினார். சாப்பிட்டார்.

"எல்லா வண்டியும் முடிஞ்சுதா?" என்றாள் அக்கா.

"ம்."

போய்ப் படுத்துவிட்டார். அப்பாடா, தப்பித்தோம் என்று நான் அக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். என்னைப் போல ஒரு மடையன் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோன் வந்தது. "மாப்ள, பட்டறைக்கு வா." போனேன். பூட்டிக் கிடக்க வேண்டிய பட்டறை திறந்திருந்தது. காரும் இருந்தது, விளக்கும் இருந்தது. விளக்கைத் தரையோடு தாழ்த்தி வைத்திருந்தார். "இங்க உக்காந்து பாரு" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். கோடுகள் முழுக்க நெளிந்தன.

"ஒடுக்க எடுத்துட்ட. பன்னெண்டு பரு வெச்சிருக்க."

நான் அளவுக்கு மேல் தள்ளிய இடங்களெல்லாம் வெளிப்பக்கம் புடைத்து நின்றன. மரமுனை உளியைப் பருவின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி இறக்க ஆரம்பித்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். மூன்று பரு இறங்கியது, நாலு இறங்கியது. எனக்குத் தாங்கவில்லை.

"யாரு இடிச்சான்னு கேட்டுத் தொலைங்க மாமா!"

"தெரியும்."

"தெரிஞ்சா அக்காவத் திட்டுங்க. சாவியக் கேளுங்க. எதையாவது பண்ணுங்க. இப்படிக் கல்லு மாதிரி இருந்தா எப்படி?"

அடுத்த பருவைத் தட்டிக்கொண்டே கேட்டார். "வண்டியக் கொண்டாந்தப்ப என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? நான்தான் இடிச்சேன், அவருக்குத் தெரியக்கூடாதுன்னா."

சுத்தியல் நின்றது. "அப்படியேவா சொன்னா?"

"அப்படியேதான்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இந்தப் பேச்ச எத்தன பேரு இந்த வாசல்ல நின்னு சொல்லியிருப்பாங்க! ஒவ்வொரு தடவையும் நெனப்பேன், இவன் என்ன மனுஷன், ஒரு தகட்டுக்காகப் பொண்டாட்டிய இப்படி நடுங்க வெச்சிருக்கானேன்னு. மனசுக்குள்ள காறித் துப்புவேன்." கையுறையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். "அவனும் நானும் ஒண்ணுன்னு தெரியாமப் போச்சு மாப்ள. வெக்கமா இருக்கு."

அவர் தொடர்ச்சியாக அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "சாவி அவளுதுதான். அந்தப் பேச்சே நான் பேசியிருக்கக் கூடாது" என்றார்.

"இத அவகிட்டச் சொல்லுங்க. இப்பவே ஃபோன் போடுங்க."

"கதவ முடிச்சிட்டு நேர்ல சொல்றேன்."

கதவாம், கதவு! ஆனால் அவரை அவசரப்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. நாலு மணிக்குக் கடைசிப் பரு இறங்கியது. கண்ணை மூடித் தடவினார், தலையை ஆட்டினார். உள் அட்டையை மாட்டினோம். நானும் அவரோடு காரிலேயே வீட்டுக்குப் போனேன். வழியில் அவர் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் போய்ச் சாவியை மேடையில் வைத்தார்.

"இது உன்னோடது. இனிமே நான் கேக்க மாட்டேன். எத்தன கோடு வேணா விழட்டும்." தொண்டையைச் செருமினார். "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

அக்கா குழாயை மூடினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். சாவியைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"நேத்து அஞ்சே முக்காலுக்கு ஃபோன் பண்ணி வரலன்னு சொல்லிட்டேங்க. வேற ஒரு பொண்ணப் போட்டுட்டாங்க."

"ஐயோ, ஏன்க்கா?" என்றேன் நான். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க கதவுல கை வெச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்பக் கேப்பாரு, இப்பக் கேப்பாருன்னு உக்காந்திருந்தேன். என்ன பதில் சொல்லணும்னு கூட யோசிச்சு வெச்சிருந்தேன். கேட்டிருந்தீங்கன்னா சண்ட போட்டிருப்பேன். சாவியத் தந்திருக்கவே மாட்டேன்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "யாருகிட்டச் சண்ட போடுறது? நீங்க சாப்பிட்டுட்டுப் படுத்துத் தூங்கிட்டீங்க."