கதவை அடைத்த பிறகு

ஆயத்த ஆடை ஆலையில் பொத்தான் துளை தைக்கும் காஜா எந்திரத்தின் முன் இளமையைக் கழித்த அவள், பின்னொரு நாள் நாடாளுமன்றத்தின் கடைசி வரிசையில் உட்காருவாள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், கூடமே கைகொட்டிச் சிரித்திருக்கும். கட்சிக் கூட்டங்களுக்கு நாற்காலி போடுவதில் தொடங்கியது அவளது அரசியல். ‘நாற்காலியக்கா’ என்ற பெயர் வேட்பாளரான பின்னும் ஒட்டிக்கொண்டது. வேட்பாளராக்க, எதிர்த்துப் பேசாத ஒருத்தியைக் கட்சித் தலைவர் தேடினார். இவள் கண்ணில் பட்டாள். அவ்வளவுதான். தலைவரின் அறையில் பெண்கள் உட்காருவதில்லை. இவளும் அங்கே உட்கார்ந்ததில்லை.

ஆலைகளுக்குள் அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி நுழையக் கூடாது என்ற மசோதா வந்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முன்பொரு பகலில் தையல் கூடத்தில் புகை சூழ்ந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. சொல்லாமல் சோதனைக்கு வந்திருந்த ஓர் அதிகாரி அதட்டித் திறக்க வைத்ததால்தான் உயிர் பிழைத்தாள். பூட்டிய கதவைக் கண்டால் இன்றும் அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். அதே கூடத்தில் அவள் தங்கை இன்னமும் காலர் தைக்கிறாள். ஆலை முதலாளி தலைவருக்கு வேண்டியவர்.

“ஏன்க்கா, நீயும் அதுக்குத் தலையாட்டப் போறியா?” என்று தொலைபேசியில் கேட்டாள் தங்கை.

“ஆட்டலன்னா என் பதவியும் போகும், உன் வேலையும் போகும்டி.”

“ஆட்டு, ஆட்டு. நாற்காலி போட்டுப் பழகினவதானே, என் துக்கத்துக்கும் நீயே வந்து போட்டுடு.”

தங்கை சிரித்தாள்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. வாக்கெடுப்பு மணி ஓய்ந்ததும் அவையின் கதவுகளை அடைத்துவிடுவார்கள். பிறகு யாரும் உள்ளே வர முடியாது. மணி அடிக்கும்போதே கழிப்பறைக்குப் போய்விட்டால் எதிர்த்ததாகவும் ஆகாது, ஆதரித்ததாகவும் ஆகாது.

மணி அடித்தது. எழுந்தவளைக் கட்சிக் கொறடா வழிமறித்தார்.

“எங்கம்மா?”

“வயிறு சரியில்லண்ணே.”

“இந்த மசோதா வந்ததுலேர்ந்து பாதிப் பேருக்கு வயிறு சரியில்ல. போய் உக்காரு. அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது.”

மணி ஓய்ந்தது. தாழ்ப்பாள் விழுந்த ஓசை அவள் முதுகுத்தண்டில் இறங்கியது.

வாக்குப்பதிவுக் கருவி அன்று பழுது. ஆதரிப்போர் எழுந்து நிற்கலாம் என்றார் அவைத்தலைவர். வரிசை முழுவதும் எழுந்தது. சுற்றிலும் இடுப்புகளும் முதுகுகளுமாக, வெளிச்சம் மறைந்தது. மூக்கில் பழைய புகை ஏறியது. இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

“எந்திரிம்மா, எண்ணுறாங்க!” என்று கொறடா பல்லைக் கடித்தார். “காலு மரத்துப் போச்சா?”

“இல்லண்ணே.”

“பின்ன?”

“மாட்டேண்ணே.”

அந்தக் குரல் தன்னுடையதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மசோதா நிறைவேறியது. அவள் எழாததால் ஒரு துரும்பும் அசையவில்லை. ஆனால் மாலையில் தலைவர் அழைத்துவரச் சொன்னார்.

வசைமாரியை எதிர்பார்த்துப் போனாள். அவரோ புன்னகைத்தார்; எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

“உக்காரும்மா. நிக்கறது உனக்குக் கஷ்டமாமே?”

அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

“உன் தங்கச்சி நம்ம முதலாளி ஆலையிலதானே இருக்கா? நல்லா இருக்காளா?”

பின்னால் யாரோ கதவைச் சாத்தினார்கள். உள்ளங்கை வியர்த்தது. இருபக்கமும் கைவைத்து நாற்காலியைத் தூக்கினாள். ஆயிரம் கூட்டங்களுக்குப் போட்டுப் பழகிய கை. கதவு தன் கண்ணுக்குத் தெரியும்படி அதைத் திருப்பிப் போட்டாள்.

பிறகு உட்கார்ந்தாள்.

“இருக்கா,” என்றாள். “நல்லா இருக்கணும்னுதான் நான் எந்திரிக்கல.”